ஏழாம் நாற்காலி

என்னை நடிக்க வந்தவளுக்கு
என்னைவிட நல்ல கோட்டு.
சாம்பல் நிறம், மரப்பொத்தான்.
நான் அன்று போட்டிருந்தது
முழங்கையில் நூல் பிரிந்த ஊதா ஸ்வெட்டர்.

டொலீடோவில் பனி கொட்டும் ஞாயிறு இரவுகள்.
ஆறு வாரம், ஆறு பாகம்.
தெருவே பார்க்கிறது.
என் சுவரில் நடுங்கும் நீல வெளிச்சம்
அதே நொடியில்
எதிர்வீட்டு ஜன்னலிலும் நடுங்குகிறது.

வெண்டல் டிஸ்டேலாக வருபவனுக்கு
கழுத்து நரம்பு தெரிய அழத் தெரிகிறது.
நிஜ வெண்டல் அழவில்லை.
மேசைமேல் ஒரு காகிதக் கோப்பையைக்
கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.
ஒன்பது நாளும் அதைத்தான் பார்த்தோம்.
குற்றமற்றவன் இப்படியா கோப்பையைத் திருப்புவான் என்றார்
கண்ணாடி ஆலைக் கணக்கர்.
தலையாட்டியது நான்.

நான்காம் பாகத்தில் ஜூரி அறை.
பெரிய ஜன்னல், வெளியே மழை.
எங்கள் அறைக்கு ஜன்னலே கிடையாது.
ஏழாம் நாற்காலியிலிருந்து அவள்,
அதாவது நான்,
எழுந்து நிற்கிறாள்.
"அந்த இருட்டில், அறுபது அடி தூரத்தில்,
ஒரு முகம் எப்படித் தெரியும்?"
இரண்டு நாள் ஒற்றை ஆளாய் நிற்கிறாள்.
பதினொரு பேர் கத்துகிறார்கள்.
கடைசியில் உடைந்துபோய்
விரல் விரலாக மேலே போகிறது அவள் கை.

மகள் கோரின் ஃபோனில் விசும்பினாள்.
"இவ்வளவு போராடினாயா அம்மா?
ஒரு வார்த்தை சொன்னதில்லையே."
அப்போதும் சொல்லவில்லை.
பேக்கரியில் ஸ்டெஃபானியா
ஜாம் வைத்த பன் இரண்டு கூடுதலாகப் போட்டாள்.
வாங்கிக்கொண்டேன்.
காரிலேயே தின்றேன், இரண்டையும்.

நடந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம்.
அதில் நாற்பது சாண்ட்விச்சுக்கு.
பார்க்கிங் மீட்டரில் நாலு மணி வரைக்கும்தான் காசு.
சின்னவனுக்குக் காதுவலி.
தூக்குங்கள் என்றார்கள்,
பஸ்ஸை நிறுத்துகிறவள் போலத் தூக்கினேன்.
வலிக்கவில்லை. கனக்கவுமில்லை.
தேராமல் தூக்கிய அந்தக் கையின் நீளம்
பத்தொன்பது வருஷம்.

படம் எடுத்தவர்கள் முன்பே கடிதம் போட்டிருந்தார்கள்,
பேச முடியுமா என்று.
பதில் எழுதவில்லை நான்.
அதனால் அவர்களே ஒரு மனசாட்சி தைத்து
எனக்கு மாட்டிவிட்டார்கள்.
தோளில் சரியாக உட்கார்கிறது.
அதுதான் பயம்.

தவறாக உள்ளே போனவரின் கதையில்
தவறாக விடுதலையானவள் நான் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை குளிர்கால டயர் மாற்றப் போனேன்.
பக்கத்துத் தெருவில் கடை இருக்கிறது.
போனது பதினோரு மைல்.
சட்டைப் பையின் மேல் சிவப்பு நூலில்
வெண்டல் என்று தைத்திருந்தது.
கோட்டைக் கழற்றாமலே சொன்னேன்:
ஏழாம் நாற்காலி நான்தான்.

கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.
"நேற்று முன்தினம் பார்த்தேன்," என்றார்,
"நன்றாகப் பேசினீர்கள்."
அது நான் இல்லை, நான் வாயே திறக்கவில்லை.
"தெரியும்.
தீர்ப்பு வாசிக்கும்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்."

பின்னால் யாரோ வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினார்கள்.
காற்று சீறி அடங்கியது.
என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது,
வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது.
அவர் ரசீதைக் கிழித்து நீட்டினார்.

"புதிதாக மாட்டிய சக்கரம்.
ஐம்பது மைல் ஓடியதும் நட்டு தளரும்.
கொண்டுவாருங்கள், இறுக்கித் தருகிறேன்.
அதற்குக் காசு இல்லை."
எல்லோருக்கும் சொல்வதுதான் அது.
அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஞாயிறு வந்தது. ஐந்தாம் பாகம்.
எதிர்வீட்டில் நீலம் நடுங்கத் தொடங்கிற்று.
நான் வண்டியை எடுத்துக்கொண்டு
மாமீ ஆற்றங்கரையோரம் போய்க்கொண்டிருக்கிறேன்,
எங்கும் இல்லை, சும்மா.
மீட்டரில் முப்பத்தெட்டு.